இருபத்தைந்தாவது தகடு

ரயில் நின்றுபோன ஊரில்
தண்டவாளத்தைப் பெயர்த்து விற்ற காசில்
முதல் ஓக் கன்று வந்தது.
மிஸ்ஸூரியின் தெற்கு மூலை, ஹஸ்கல் ஃபோர்க்.
எண்ணூற்றுச் சொச்சம் தலை, ஒரு பெட்ரோல் பங்க்,
இரண்டு தேவாலயம்;
ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது.
மரக்குழுவில் மட்டும் இரு சபையாரும்
ஒரே குழாயில் வாளி பிடித்தார்கள்.
நான் புல்வெட்டுகிறவன்.
கணக்கு எழுதுவதும் நான்தான். இரண்டுக்கும் சம்பளமில்லை.

அங்கீகாரம் வாங்கலாம் என்றவள் ஓர்ஃபா லெட்பெட்டர்.
"நெடுஞ்சாலையில் பலகை வைப்பார்கள்.
பத்தில் ஒருவனாவது வண்டியைத் திருப்புவான்.
ஒரு காப்பியாவது குடிப்பான்."

படிவம் பதினாறு பக்கம்.
குழு உண்டா? உண்டு, சண்டையோடு.
பொதுமக்கள் உள்ளே வரத் தடை உண்டா?
கதவே இல்லை என்று எழுதினோம்.
குறைந்தது இருபத்தைந்து இனம், எல்லாவற்றுக்கும் பெயர்த்தகடு.
மரத்தின் நிலை: நன்று, சுமார், மோசம்.
தளிரும் கொழுந்தும் பழுப்பும் சருகுமாய்
நாலு வயதும் ஒரே கிளையில் நிற்கிறபோது
எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?
சுமார் என்று போட்டேன், எல்லாவற்றுக்கும்.
ஓர்ஃபா அடித்துவிட்டு நன்று என்று மாற்றினாள்.

தகடுகளை ஜுவனிட்டா ஹார்கிஸ் அடித்தாள்,
நாய்ப்பட்டைக்கு எண் பொறிக்கும் எந்திரத்தில்.
லத்தீன் பெயர் நீளம். இரண்டு வரியாய் உடைத்தாள்.
இறுக்கித் திருகக் கூடாதாம்.
திருகாணியில் ஒரு ஸ்பிரிங் கோத்து
தகட்டுக்கும் பட்டைக்கும் நடுவே
விரல் நுழைய இடம் விட வேண்டும்.
மரம் பருக்கும்.
விலகி நிற்காத பெயரை
விழுங்கிவிடும்.

டெல்மர் க்விசன்பெரி எண்ணினான்: இருபத்தைந்து. சரியாக.
ஆஷ் மரத்தின் உச்சி இரண்டு வருஷமாய்க் காய்ந்ததை
வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.
வண்டு.
பட்டையை உரித்தால், யாராலும் படிக்க முடியாத
ஒரு கிறுக்கல், அடி முதல் நுனி வரை.
ஆகஸ்டில் அறுத்தோம்.
இருபத்துநாலு.

கடையில் ஒரு கன்று வாங்கி நட்டுவிடலாம் என்றான் டெல்மர்.
நேற்று நட்டதை மரம் என்று சொல்ல
வாய் வராது என்றாள் ஓர்ஃபா.
அன்று கூட்டம் அத்தோடு கலைந்தது.

திருமதி இம்ஹாஃப் செப்டம்பரில் வந்தாள்,
ரப்பர் பூட்ஸ், பென்சில், கொஞ்சம் சளி.
இருபத்துநாலையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வேலியோரம் நின்று கேட்டாள்:
"இதற்கு ஏன் தகடு இல்லை?"

எனக்கு வயிற்றில் புளி கரைந்தது.
பதினோரு கோடை நான் வெட்டிய களை அது.
வெட்ட வெட்ட வேரிலிருந்து இரண்டாய் வரும்.
முழங்கால் அறுவைக்குப் பின் நான் படுத்த
இரண்டு வருஷத்தில் வேலியைத் தாண்டிவிட்டது.

"காட்டுப் பெர்சிமன். யாரும் நட்டிருக்க மாட்டீர்கள்.
ரக்கூன் தின்று கழித்திருக்கும்.
கருங்காலிக்குச் சொந்தம், தெரியுமா?"

கருங்காலி.
அறுத்தவன் நான்; கோடரிக்காம்பு என் கொட்டகையில்.
அந்தச் சொல் யார்மேல் விழுந்தது என்று
அவளுக்குத் தெரிய நியாயமில்லை.
டெல்மர் என் பக்கம் பார்க்காமல்
இருபத்தைந்து என்றான்.

கடிதம் நவம்பரில்.
தபால் நிலையத்தில் மரம் மாதிரி நின்றோம்.
ஓர்ஃபா மறுபடி படித்தாள்:
ஹஸ்கல் ஃபோர்க், ஹஸ்கல் போர்க் ஆகியிருந்தது.
பன்றி இறைச்சி.
முதலில் ஒரு சபை சிரித்தது, பிறகு மற்றது.
திருத்தக் கேட்டு எழுதலாமா என்று வாக்கெடுத்தோம்.
வேண்டாம் என்று தீர்மானம்.
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, அப்படியே.

பெர்சிமன் தண்டு என் மணிக்கட்டுக் கனம்தான்.
திருகாணி தாங்காது.
பக்கத்தில் கம்பு ஊன்றித் தகட்டைத் தொங்கவிட்டேன்.
இப்போதும் அந்த மூலை வந்தால்
புல்வெட்டி தானாக அங்கே திரும்புகிறது,
பதினோரு வருஷக் கை.
எஞ்சினை அணைக்கிறேன்.
மண்டியிட முழங்கால் விடாது;
குனிந்து, சுற்றியுள்ள புல்லைக்
கையால் பிடுங்குகிறேன்.